பார்க்கின்சன் நோயில் யோசனை மந்தமாகும்போது வீட்டில் என்ன செய்யலாம்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாமனாருக்கு 67 வயது, பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். மாத்திரையில் நடுக்கம் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் தக்காளி மண்டிக் கணக்கை மனதிலேயே போட்டுச் சொன்ன மனிதர் இப்போது ஏழு கிரேட்டுக்கே திணறுகிறார். கேட்டால் பதில் வர நேரமாகிறது. சமையலறை வாசலில் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார். உங்கள் கணவர் இதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சத்தம் போடுகிறார். ஓசூரில் ஓரிடத்தில் ‘மூளைப் பயிற்சி’க்கு மாதம் 6,000 ரூபாய் கேட்கிறார்கள், சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இது நோயா, குணமா? நோய் என்றால் வீட்டில் இருக்கிற நம்மால் ஏதாவது ஆகுமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் 6,000 ரூபாய்க்கும் விடை கிடைத்துவிடும். நான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, படித்து, நரம்பு நோயாளிகளோடு பல வருடமாக வேலை செய்கிறேன். மாத்திரை அளவை மாற்றச் சொல்வது என் வேலை இல்லை, அதை உங்கள் டாக்டர்தான் செய்ய வேண்டும். மற்றபடி என் துறையில் தெரிந்ததை எழுதுகிறேன்.

இது குணம் இல்லை, நோய்தான். அதில் சந்தேகம் வேண்டாம். பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவதால் கை கால் மட்டும் மெதுவாவதில்லை. ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசைப்படுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றைக் கவனிக்கிற மூளைச் சுற்றுகளும் அதே டோபமைனை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் பலருக்கு ஞாபகம் அழிவதில்லை, அதைத் தேடி எடுக்கிற கை மட்டும் மெதுவாகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். “மாமா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். யோசித்துவிட்டு “தெரியலம்மா” என்பார். கொஞ்ச நேரம் கழித்து “களியா, சோறா?” என்று கேளுங்கள். “களி, கீரைக் குழம்பு” என்று சரியாகச் சொல்லிவிட்டால், விஷயம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தர ஒரு துப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான். துப்பு கொடுத்தும் சாப்பிட்டதே நினைவில்லை என்றால் அது வேறு மாதிரியான மறதி. அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வித்தியாசத்தை உங்கள் கணவருக்குக் காட்டினாலே வீட்டில் பாதிச் சத்தம் குறையும்.

பயிற்சி என்று எதையும் தொடங்கும் முன் மந்தத்தைக் கூட்டுகிற வேறு காரணங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நடுக்கத்துக்காகக் கொடுக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் கலைக்கும், மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் தரும். அது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அடுத்தது, தலைசுற்றலுக்கு மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கிவருகிற சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின். இரண்டுமே டோபமைனைத் தடுத்து பார்க்கின்சனை மோசமாக்குபவை. சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, நாலைந்து நாள் மலம் போகாமல் இருப்பது, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, கண்புரை, காது மந்தம் என ஒவ்வொன்றும் யோசனையை மங்கச் செய்யும், ஒவ்வொன்றும் சரிசெய்யக் கூடியது. ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நின்றவுடன் அவர் திகைத்துப் போவதற்கு மூளைக்கு ரத்தம் போதாமல் போவதும் காரணமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைப் பார்க்க முடியும், ஆனால் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

ஞாபகச் சோதனை செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் மோகா என்ற 30 மதிப்பெண் சோதனையைக் கொடுப்பார்கள். அதைத் தமிழிலும் செய்யலாம். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறையப் பேர். எந்த மொழியில் அவர் சண்டை போடுவாரோ அந்த மொழியில் சோதனை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழித் தடுமாற்றத்தை மூளைத் தடுமாற்றம் என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், அவர்களுக்கென்று எளிமையாக்கிய வடிவம் இருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் சோதிப்பதும் முக்கியம்.

இனி 6,000 ரூபாய் விஷயம். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ செய்கிற மூளைப் பயிற்சி பார்க்கின்சன்காரர்களின் மொத்த அறிவுத்திறனைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஏழு ஆய்வுகளை, மொத்தம் 225 பேரை, சேர்த்துப் பார்த்து இப்படித்தான் முடிவு சொன்னது. பயிற்சி செய்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார்கள், அது மண்டிக் கணக்குக்கோ சட்டைப் பொத்தானுக்கோ வந்து சேருமா என்பதுதான் சந்தேகம். அதனால் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் பிசியோவும் பேச்சுப் பயிற்சியும் நேரில் ஆள் வைத்துத் தருகிறார்கள் என்றால் கணக்கு வேறு, அதற்குக் கொடுக்கலாம். மாத்திரையைப் பொறுத்தவரை, பார்க்கின்சனில் மறதி நோய் என்று உறுதியானவர்களுக்கு ரிவாஸ்டிக்மின் கொஞ்சம் உதவுகிறது. 541 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் அது தெரிந்தது. பலன் பெரிதல்ல, குமட்டல் வரும், சிலருக்கு நடுக்கம் கூடும். வேண்டுமா என்பதை நரம்பியல் டாக்டர் முடிவு செய்வார்.

உண்மையில் வீட்டில் அதிகம் பலன் தருவது உள்ளிருந்து வராத சைகையை வெளியிலிருந்து கொடுப்பது. வாசலில் கால் நிற்பதை வைத்தே சொல்கிறேன். நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் யோசிப்பதில்லை, அது தானாக ஓடுகிறது. அவருக்கு அந்தத் தானியங்கிதான் பழுது. வாசல் குறுகலாகிற இடத்தில், திரும்புகிற இடத்தில், யாராவது கூப்பிடுகிற நேரத்தில் அது நின்றுவிடுகிறது. ஆனால் கண்ணால் பார்த்து ஒரு கோட்டைத் தாண்டுவது மூளையில் வேறு வழியாக நடக்கிற வேலை, அந்த வழி நன்றாக இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல அகல ஒட்டும் டேப் வாங்குங்கள், தரை சிவப்பென்றால் வெள்ளை, தரை வெளுப்பென்றால் கறுப்பு. வாசலுக்கு முன்னால் மூன்று, நிலைக்கு அப்பால் மூன்று என, ஒன்றரை அடி இடைவெளியில், நடக்கிற திசைக்குக் குறுக்காக ஒட்டுங்கள். நீளவாக்கில் ஒட்டினால் பயன் இல்லை, தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால்தான் கால் எழும். அவருடைய அடி சின்னதாக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கோலமாவால் போட்டுவிடலாமே என்று தோன்றும், வேண்டாம், மாவு கால் வழுக்கும்.

கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், பாதம் அங்கேயே இருக்கும், முகம் குப்புற விழுவார். பின்னாலிருந்து தள்ளுவதும் அப்படித்தான். “நில்லுங்க மாமா” என்று முதலில் முழுதாக நிற்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து, இடது வலதாக உடம்பின் பாரத்தை இரண்டு மூன்று தடவை மாற்றச் சொல்லுங்கள். பிறகு “கோட்டைத் தாண்டுங்க” என்று ஒரு பெரிய அடி, குதிகால் முதலில் படுகிற மாதிரி. கோடு இல்லாத இடத்தில் உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து அதைத் தாண்டச் சொல்லலாம். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவதும் சிலருக்குப் பலிக்கிறது. திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழல விடாதீர்கள், மாட்டு வண்டி திரும்புவதுபோல அகலமாக வளைந்து வரட்டும். நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் சொம்பைக் கொடுத்து நடக்க விடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்பது அவருக்கு இப்போது விழுவதற்கான வழி.

இதே தத்துவத்தை மற்ற வேலைகளுக்கும் நீட்டலாம். “குளிச்சிட்டு டிரஸ் மாத்திட்டு வாங்க, டாக்டர்கிட்ட போகணும்” என்பது நமக்கு ஒரு வாக்கியம், அவருக்கு ஏழெட்டு வேலை. ஒரு தடவைக்கு ஒன்று சொல்லுங்கள். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும். நடுவில் மறுபடி கேட்டால் அவர் தேடிக்கொண்டிருந்த பதில் கலைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். துணிகளைப் போடுகிற வரிசையிலேயே கட்டிலில் இடமிருந்து வலமாக வையுங்கள், உட்கார்ந்தபடியே உடுத்தட்டும், அதிகம் விறைக்கிற கையைச் சட்டைக்குள் முதலில் விடட்டும். வேட்டிக்கு ஒட்டும் பட்டை வைத்ததாக வாங்குங்கள். தினக் காலண்டர் தாளை அவரே கிழிக்கட்டும். ஒரு சிலேட்டில் அன்றைய நாலு வேலைகளை எழுதி, முடிந்ததை அவரே அடிக்கட்டும். நாலுக்கு மேல் எழுதாதீர்கள்.

யோசனைக்கு வேலை கொடுக்க ஆப் வேண்டியதில்லை. ஆடுபுலி ஆட்டம் அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. அடுத்த காயை எங்கே வைத்தால் எது வெட்டுப்படும் என்று முன்கூட்டிப் பார்ப்பதுதான் இந்த நோய் தொடுகிற திறமை, அதனால் புலியைவிட ஆட்டுப் பக்கம் ஆட வையுங்கள், அதில்தான் திட்டம் அதிகம் தேவை. பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது விரலுக்கும் எண்ணிக்கைக்கும் சேர்ந்த பயிற்சி. மண்டிக் கணக்கை விட்டுவிடாதீர்கள். “கிரேட் 400 ரூபாய், ஏழு கிரேட், வண்டி வாடகை 300 போக மீதி எவ்வளவு?” என்று ஒரே மூச்சில் கேட்டால் திணறுவார். 2,800-ஐ முதலில் வாங்கி சிலேட்டில் எழுதிவிட்டு, பிறகு 300-ஐக் கழிக்கச் சொன்னால் 2,500 வந்துவிடும். அடுத்த படியாக ஒரு காய்கறிப் பெயர், ஒரு ஊர்ப் பெயர் என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லலாம். தக்காளி, காரிமங்கலம், கத்தரி, பென்னாகரம் என்று போகட்டும். மாறுவதில்தான் பயிற்சியே. 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் நாலு நாள் போதும். இதனால் நோய் பின்வாங்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. அவர் வீட்டுப் பேச்சுக்குள் இருப்பார், அதுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பரீட்சை மாதிரி நடத்தி, தப்பைச் சுட்டிக்காட்டினால் மூன்றாம் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எதைச் செய்தாலும் லீவோடோபா என்ற முக்கியமான பார்க்கின்சன் மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் செய்யுங்கள், பெரும்பாலும் மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து. மூன்று நாளுக்கு ஒரு நோட்டில் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், விறைத்த நேரம், தெளிவாக இருந்த நேரம் என்று எழுதினால் அவருடைய நல்ல வேளை எது என்று தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. புரதம் செரித்து வருகிற அமினோ அமிலங்களும் லீவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கொள்ளுப் பருப்பு, முட்டை, பால், கறியோடு மாத்திரை போட்டால் அது வாசலில் வரிசையில் நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பூனைக்காலி விதைப் பொடியில் லீவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள், மாத்திரையோடு சேர்ந்து அளவு தாண்டிவிடும்.

குரல் தாழ்ந்து போயிருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சனில் தன் குரலைத் தானே அளக்கிற தராசு கெட்டுவிடுகிறது, முணுமுணுப்பே அவர் காதுக்குச் சாதாரணப் பேச்சாகக் கேட்கும். லீ சில்வர்மன் குரல் சிகிச்சை என்று ஒன்று உண்டு: வாரத்துக்கு நாலு, நாலு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மொத்தம் பதினாறு அமர்வு. குரலின் சத்தத்தைக் கூட்டுவதில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர் கிடைக்கும்வரை வீட்டில் “ஆ” என்று மூச்சு இருக்கும்வரை பலமாக, தினம் பத்து தடவை. பிறகு அவர் தினமும் சொல்கிற பத்து வாக்கியங்களை, தெருமுனையில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரி. தெருக்கூத்துப் பாட்டு பிடிக்கும் என்றால் பாடவிடுங்கள், அடிவயிற்றிலிருந்து சத்தம் எடுக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. விழுங்குவதில் மட்டும் எச்சரிக்கை. களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்குவது நம் பக்கத்துப் பழக்கம், விழுங்குகிற தசை மெதுவாகிவிட்டவருக்கு அது அடைத்துக்கொள்ளும். இளக்கமாகக் கிண்டி, சின்னத் துண்டாக, குழம்பு நிறைய விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கேட்டாலோ பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

உடற்பயிற்சிக்குத்தான் இருப்பதிலேயே உறுதியான ஆதாரம். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 195 பேர் பங்கெடுத்தார்கள். அதில் வாரம் இரண்டு நாள், ஆறு மாதம் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சமநிலை கூடியது, விழுவதும் குறைந்தது. பாலக்கோட்டில் தாய்ச்சி தேட வேண்டாம். காலையில் துணையோடு வேகமாக அரை மணி நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவது, கையை அகல வீசுவது, இவற்றை வாரத்தில் ஐந்து நாள் செய்தால் நல்ல தொடக்கம்.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்கின்சன்காரர்களில் மூன்றில் ஒருவருக்காவது அது இருக்கிறது, நோயின் பகுதியாகவே வருகிறது. “நான் வீட்டுக்குப் பாரமாகிட்டேன்” என்று சொன்னால், அழுதால், தூக்கம் கெட்டால் அது மனச்சோர்வு. வருத்தமே இல்லாமல், எதையும் தொடங்க மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் அது ஊக்கமின்மை. ஊக்கமின்மைக்குத் திட்டு உதவாது, நேரம் குறித்த வேலையும் கூட ஓர் ஆளும்தான் உதவும். மனச்சோர்வுக்குச் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது. அமெரிக்காவில் 80 பேரிடம் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து வார அமர்வுகளிலேயே தெளிவான மாற்றம் தெரிந்தது. அதில் நடப்பது மந்திரம் இல்லை. ‘என்னால் ஒன்றுக்கும் ஆகாது’ என்ற எண்ணத்தை எழுதி, அதைச் சின்ன வேலையால் சோதிப்பார்கள். நேற்று கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தாரே, அது எதில் சேரும் என்று கேட்பார்கள். பேசிப் பார்க்க 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கிடைக்கும். உங்கள் மாமியாருக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள், இரவெல்லாம் விழித்திருப்பது அவர்தானே.

உதவி எங்கே என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வருகிற பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யுங்கள். வரும் பிசியோவிடம் அந்த டேப் கோடுகளைக் காட்டி இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடர் சிகிச்சையை வைத்துக்கொண்டு, மாத்திரை சிக்கலானால் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே நடுக்க நோய்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் இடம்பெற்றிருக்கிறது. கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கேளுங்கள்.

கடைசியாக அவசரங்கள். யாரோ மூலையில் நிற்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள் என்று சொன்னால் வாதாடாதீர்கள், விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாளில் திடீரெனக் குழம்பினால் அது நோய் முற்றியது இல்லை, தொற்றோ நீர் வற்றலோ மருந்தோ காரணமாக இருக்கும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லீவோடோபாவை எந்தக் காரணத்துக்காகவும் திடீரென நிறுத்தக் கூடாது, கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு அட்டையில் அவர் பெயர், பார்க்கின்சன் என்ற சொல், மாத்திரை நேரங்கள், அதற்குக் கீழே ‘ஹாலோபெரிடால், மெட்டோக்ளோப்ரமைடு, ப்ரோக்ளோர்பெரசின், சின்னரிசின், ஃப்ளூனரிசின் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதி, சட்டைப் பையில் வையுங்கள். வாந்திக்கு ஊசி போடுகிற இடத்திலும், குழப்பத்துக்கு ஊசி போடுகிற இடத்திலும் அவர் வாயால் சொல்ல முடியாததை அந்த அட்டை சொல்லும். இன்னொரு பிரதியை உங்கள் கணவரின் பர்ஸில் வைத்துவிடுங்கள்.